வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லத்துக்கு முதன்முறை போகும் மாணவர்களுக்கு

விடுமுறையில் வேறொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் சில வாரம் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரலாம் என்று கிளம்பும் மாணவர்கள் நிறையப் பேர். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். இப்படிக் கிளம்பும் குழுக்களைத் தயார்ப்படுத்துவதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், புதிதாகப் போகிறவர்கள் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் கிளம்பிய மறுநாள் அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்?

முதல் படி: போகலாமா, எங்கே போகலாம்

விமான டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இல்லத்தைப் பற்றி விசாரியுங்கள். அநாதை இல்லம் என்று பெயர்ப்பலகை இருந்தால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இல்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் நிலைமை வேறு. கம்போடிய இல்லங்களைப் பற்றி 2011-இல் யூனிசெஃப் ஆதரவோடு வெளிவந்த ஆய்வு, அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதைக் காட்டியது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அந்நாட்டில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருந்தது. வறுமை, பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லாதது, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்க ஆதரவு கிடைக்காதது, இவையெல்லாம் பெற்றோர் பிள்ளையை அனுப்பிவைக்கக் காரணங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நேரடியாக நம்மைத் தொடுவது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டவர் வந்து நன்கொடை கொடுக்கும் இடத்தில், பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் தரகர்களும் முளைக்கிறார்கள். நேபாளத்தில் இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு பள்ளத்தாக்கு, போக்ரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களிலேயே குவிந்திருந்தன. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் தொலைதூர மலை மாவட்டங்களிலிருந்து, படிக்கவைக்கிறோம் என்ற வாக்கை நம்பி அனுப்பப்பட்டவர்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அதில் ஒரு வகை என்று ஏற்றுக்கொண்டது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் குறித்த தீர்மானத்தில், இல்லங்களுக்குத் தன்னார்வச் சுற்றுலா போவதால் வரும் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

ஆகவே இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள். அரசிடம் பதிவு செய்திருக்கிறீர்களா, கடைசியாக எப்போது அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்? பிள்ளைகள் தங்கள் வீட்டாரைப் பார்க்க, பேச என்ன ஏற்பாடு? சொந்தக் குடும்பத்துக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ திரும்பிப் போகும் பிள்ளைகள் உண்டா? நிரந்தரப் பணியாளர்கள் எத்தனை பேர், எவ்வளவு காலமாக வேலை செய்கிறார்கள்? நான் கட்டும் பணம் எதற்குப் போகிறது? ஒழுங்காக நடக்கும் இல்லம் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்படாது. திருப்பி உங்களை நாலு கேள்வி கேட்கும். உங்கள் பின்னணியைச் சரிபார்க்க ஆவணம் கேட்கும், யாரிடம் விசாரிக்கலாம் என்று பெயர் கேட்கும்.

எதுவும் கேட்காமல் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். உங்களை அவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறவர்கள் அடுத்தவரையும் அப்படித்தான் விடுவார்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் அவர்களுடைய துயரக் கதையும் இணையதளத்தில் போட்டு நன்கொடை கேட்கிற இடம், வருகிறவர்கள் முன்னால் பிள்ளைகளை ஆடிப்பாட வைக்கிற இடம், இவையும் வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், ஒரு மாதத்துக்கும் குறைவாகத் தங்கப் போகிறவர்கள் பிள்ளைகள் தங்கி வளரும் இல்லத்துக்குப் போகாமல், பகல்நேர மையம், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பு, நூலகம், விளையாட்டுக் குழு போன்ற இடங்களுக்குப் போவது நல்லது. அங்கே பிள்ளைகள் மாலையானதும் சொந்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் வந்துபோவது அவர்களுக்குச் சின்ன விஷயமாகவே இருக்கும். பின்வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த இடங்களுக்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இதை ஏஜென்டிடம் விட்டுவிடாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் தன்னார்வப் பணியை வேலை என்றே கணக்கில் எடுக்கும் நாடுகள் உண்டு. தாய்லாந்தில் தன்னார்வலருக்கும் பணி அனுமதி வேண்டும். நேபாளத்தில் டூரிஸ்ட் விசாவில் இந்த வேலை செய்வது சட்டவிரோதம். எந்த நாடாக இருந்தாலும் அதன் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தடுப்பூசிகளை மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பல பிள்ளைகள் ஒன்றாகத் தூங்கி எழும் வீட்டில் தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வேகமாகப் பரவும். பயணக் காப்பீடு எடுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை என்று இல்லம் ஒன்று வைத்திருக்கும். அதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாம் படி: பிள்ளைகள் ஏன் அப்படி ஓடிவருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து உங்கள் விரலைப் பிடித்துக்கொள்வாள். பெயர்கூடக் கேட்க மாட்டாள். இரண்டு கையையும் தூக்கிக்காட்டி இடுப்பில் ஏறிக்கொள்வாள். கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இறக்கிவிட்டால் அழுவாள். "என்ன பாசமான குழந்தை" என்று உங்கள் மனம் உருகிப்போகும்.

வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். யாரிடம் ஓட வேண்டும், யாரிடம் கூடாது என்று அதற்குத் தெரியும். முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரிய வாய்ப்புக் குறைவு. வருகிற எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறது. வருகிறவர்களில் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனிடமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

இதைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ச்சி நடக்கிறது. 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி எழுதிய அறிக்கை, சிறு குழந்தைக்கு நிலையான ஒருவரின் அன்பும் அண்மையும் எவ்வளவு அவசியம் என்பதைப் பேசியது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அரசு இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், குடும்பத்துக்குப் போன குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ஒரு குழந்தைக்குத் தேவைப்படுவது நாளைக்கும் மறுநாளைக்கும் இருக்கப்போகும் அதே கைகள்தான்.

ஆகவே மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் உங்கள் வேலை அல்ல. அவை அங்கேயே இருக்கும் பராமரிப்பாளர்களின் வேலை. நீங்கள் அந்த நேரத்தில் துணி மடித்துக் கொடுத்தால், பாத்திரம் கழுவிக் கொடுத்தால், அந்த அம்மாவுக்குக் குழந்தையோடு இருக்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த உதவி பெரிது. படம் எடுத்துப் போட முடியாதே தவிர, குழந்தைக்குப் போய்ச் சேருகிற உதவி அதுதான்.

சரி, விரலைப் பிடித்த அந்தச் சிறுமியை என்ன செய்வது? தள்ளிவிடக் கூடாது. குனிந்து, அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவள் பெயரைக் கேளுங்கள். தூக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பராமரிப்பாளர் இருக்கும் இடத்துக்கு நடந்து போங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன விளையாட்டை ஆரம்பியுங்கள். பந்து அவளிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து மறுபடி அவளுக்கு. அழுதால் யாரிடம் போய் அழ வேண்டும் என்பதை அவள் கண்ணெதிரே நீங்கள் காட்டிக்கொடுக்கிறீர்கள்.

நான்காம் படி: விளையாட்டு

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. 1989-இல் நிறைவேறிய உடன்படிக்கை அது. நீங்கள் தருவது தானம் என்ற எண்ணத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை குறைவு. நீளமான ஸ்கிப்பிங் கயிறு, சாக்பீஸ், மென்மையான பந்துகள், சீட்டுக்கட்டு, கலர் பேப்பர். பேட்டரி போட்ட பொம்மை வேண்டாம். அது ஒரு பிள்ளை கையில் இருக்கும், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள், இரண்டு நாளில் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

போகிற நாட்டின் மொழியில் சில சொற்களையாவது கற்றுக்கொண்டு போங்கள். வணக்கம், நன்றி மட்டும் போதாது. "நிறுத்து", "மெதுவாக", "போதும்", "இப்போது உன் முறை", "வலிக்கிறதா?", "பாத்ரூம் போகணுமா?" இவைதான் ஆடுகளத்தில் தேவைப்படும். பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கிக் கற்றுக்கொண்டால் அதுவே ஒரு விளையாட்டு. பெரிய ஆள் ஒருவர் தப்புத் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்வதைப் பார்க்க அவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

முதல் இரண்டு நாள் நீங்கள் எந்த விளையாட்டையும் கற்றுக்கொடுக்காதீர்கள். அவர்கள் விளையாடுவதைப் பாருங்கள். கட்டம் போட்டு நொண்டி அடிப்பது, கூழாங்கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, தொட்டுப் பிடிப்பது, கண்ணாமூச்சி எல்லாம் ஏதோ ஒரு வடிவில் எங்கும் இருக்கும், விதிமுறை மட்டும் மாறும். அவர்களுடைய விதியைக் கேட்டு அதன்படி ஆடித் தோற்றுப்போங்கள்.

பிறகு கயிறை எடுங்கள். இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துச் சுற்ற, மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே ஓடிக் குதித்து வெளியே போகும் ஆட்டத்தை நான் எப்போதும் சிபாரிசு செய்கிறேன். எல்லா வயதும் சேர்ந்து ஆடலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கயிறைச் சுற்றாமல் தரையோடு தரையாகப் பாம்பு மாதிரி நெளித்தால் போதும், தாண்டுவார்கள். குதிக்கப் பயப்படும் பிள்ளையிடம் கயிற்று முனையைக் கொடுங்கள். ஆட்டத்தின் வேகம் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் முகம் மாறும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் கயிறு சுற்றலாம், எண்ணிக்கை சொல்லலாம். அரை மணி கழித்து நீங்கள் முனையை இன்னொரு பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள். ஆட்டம் நீங்கள் இல்லாமலும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது நல்ல விளையாட்டு. நின்றுவிட்டால் வேறு விளையாட்டைத் தேடுங்கள்.

ஒருவர் வெளியேற்றப்பட்டு ஓரமாக நிற்க வேண்டிய விளையாட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. கிச்சுகிச்சு மூட்டுவது, மல்யுத்தம், முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடுவது வேண்டாம். பிள்ளை "போதும்" என்றாலோ உடம்பை விறைத்துக்கொண்டாலோ அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். எல்லா விளையாட்டும் பிறர் பார்வையில் படும் இடத்தில் நடக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்காதீர்கள். இந்த விதி பிள்ளையையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

சண்டை வரும். நீதிபதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். வார்சாவில் 1912 முதல் யூதக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், அங்கே பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றம் ஒன்றை வைத்திருந்தார். பெரியவர்கள் மேலும் பிள்ளைகள் அங்கே புகார் கொடுக்கலாம், கோர்ச்சாக் மேலும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். "நீங்களே பேசி முடிவு சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே போதும். அடிதடியானால் மட்டும் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். தண்டிப்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

பதின்ம வயதினருக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது. அவர்களோடு கால்பந்து ஆடலாம், பாட்டுப் போடலாம், சமைக்கலாம், வேலைக்கு விண்ணப்பம் எழுத உதவலாம். உங்களுக்கு இருபது வயதும் அங்கிருப்பவருக்குப் பதினேழும் என்றால் நட்பு எங்கே முடிகிறது என்பதில் உங்களுக்குக் குழப்பமே இருக்கக் கூடாது. காதல் பேச்சு, இரவு நேரச் செய்தி, தனியாக வெளியே போவது எதுவும் கிடையாது. அவர் ஆரம்பித்தாலும் கிடையாது. நடந்ததைப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கேமராவும் பேச்சும்

ஆடுகளத்துக்குப் போகும்போது ஃபோனை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு பிள்ளை இல்லத்தில் வளர்கிறது என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். அதை உலகத்துக்குச் சொல்லவோ சொல்லாமல் விடவோ வளர்ந்தபின் அவரே முடிவு செய்யட்டும். உங்கள் இன்ஸ்டாகிராமில் இன்று ஏறும் செல்ஃபி, பத்து வருஷம் கழித்து வேலை தேடும்போதும் அங்கேயே கிடக்கலாம். வீட்டாருக்குக் காட்ட வேண்டுமென்றால் சாக்பீஸில் வரைந்த கட்டத்தையோ சுவரில் சாய்ந்து கிடக்கும் கயிறையோ படம் எடுங்கள்.

"உன் அப்பா எங்கே? ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்காதீர்கள். பிள்ளை தானாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ அடித்ததையோ தகாத முறையில் தொட்டதையோ ஒரு பிள்ளை சொன்னால், அமைதியாகக் கேளுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதி போட்டு, குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். புகாரே அந்தப் பொறுப்பாளர் மேல் என்றால் உங்களை அனுப்பிய அமைப்பிடம் சொல்லுங்கள். அந்நாட்டில் குழந்தைகள் உதவி எண் எது என்று கிளம்புவதற்கு முன்பே குறித்துவைத்திருங்கள்.

தனித்தனியாகப் பரிசு கொடுக்க வேண்டாம். ஏதாவது தர ஆசைப்பட்டால் இல்லத்தாரிடம் கேட்டு, எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்படி அவர்கள் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

ஆறாம் படி: கிளம்புவது

விடைபெறுவதற்கான வேலை முதல் நாளே ஆரம்பிக்கிறது. வந்த அன்றே எப்போது போவீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தேதி புரியாது. இல்லத்தார் சம்மதித்தால் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி, தினமும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம். கடைசிக் கட்டத்தில் பஸ் படம் இருக்கட்டும். இன்னும் எத்தனை நாள் என்று அவர்களே எண்ணுவார்கள்.

அழுகைக்குப் பயந்து பிள்ளைகள் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பாதீர்கள். இதற்கு முன்பே சிலருக்கு அப்படித்தான் யாரோ போயிருப்பார்கள். பகலில், வழக்கமான ஒரு விளையாட்டு முடிந்ததும், பராமரிப்பாளர்கள் பக்கத்தில் இருக்கும்போது விடைபெறுங்கள். பெரிய விருந்து, அழுது கட்டிப்பிடிப்பது எல்லாம் வேண்டாம். அழுகை வந்தால் அடக்கிக்கொண்டு வெளியே வந்து அழுங்கள். "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள். உங்கள் வாயிலிருந்து அது சும்மா வரும், ஆனால் ஒரு பிள்ளை அதை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "உங்களோடு விளையாடியது எனக்குச் சந்தோஷம்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

கயிறையும் பந்தையும் இல்லத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். வந்தபின் பிள்ளைகளோடு சமூக வலைத்தளத்தில் நேரடித் தொடர்பு வேண்டாம். கடிதம் எழுதினால் இல்லத்தின் முகவரிக்கு, எல்லோர் பெயருக்கும் எழுதுங்கள். பணம் அனுப்ப விரும்பினால், பிள்ளைகளைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்க்கவும் குடும்பங்கள் பிரியாமல் இருக்கவும் உழைக்கும் திட்டங்களுக்கு அனுப்புங்கள்.

ஊருக்கு வந்த வாரத்திலேயே அடுத்துப் போகும் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்த விளையாட்டு எந்த வயதுக்கு ஒத்துவந்தது, எந்தச் சொற்கள் தேவைப்பட்டன, பராமரிப்பாளர்கள் எந்த நேரத்தில் உதவி கேட்டார்கள், விசாவில் என்ன சிக்கல் வந்தது என்று விவரமாக இருக்கட்டும். பிள்ளைகளின் பெயரும் கதையும் மட்டும் அதில் இருக்கக் கூடாது.